அடையாளம் தெரியாத வாகனம்

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் அச்சு மாறாமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு. ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி சிறுத்தை பலி.’ சிறுத்தை என்ற இடத்தில் புள்ளிமான் வரும், கழுதைப்புலி வரும், மயில் வரும். ‘அடையாளம் தெரியாத வாகனம்’ மட்டும் அசையாது. ஒரு நடைத்துண்டாக மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தாலும் இது தேர்ந்த வேலை. ஓட்டுநர் இல்லை, வேகம் இல்லை, சாலையின் பெயர்கூடப் பெரும்பாலும் இல்லை. மோதியது வாகனம், வாகனத்துக்கு அடையாளம் இல்லை, செத்ததற்கு மட்டும் இனம், பால், வயது எல்லாம் தெளிவாக உண்டு. குற்றத்தைச் சொல்லிவிட்டுக் குற்றவாளி அமர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிடும் இந்த வாக்கியத்தைச் செய்தியாளரின் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. காட்டுச்சாலை விபத்தைப் பற்றி நம் சட்டமும் நிர்வாகமும் நெடுஞ்சாலைத் துறையும் எழுதிவைத்திருக்கும் எல்லாவற்றிலும் இதே காலியிடம் இருக்கிறது.

அந்த எழுத்துகளைத்தான் இங்கே எடைபோட நினைக்கிறேன். சட்டப்பிரிவு, எச்சரிக்கைப் பலகை, இரவுத்தடை ஆணை, பாலம் என எல்லாமே ஓட்டுநரை நோக்கியோ ஓட்டுநரைத் தவிர்த்தோ எழுதப்பட்ட பிரதிகள். அளவுகோல் மூன்று. ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்று அது துல்லியமாகச் சொல்கிறதா? செய்தாரா இல்லையா என்று பிறகு சரிபார்க்க முடியுமா? செய்யாதபோது பொறுப்பு ஒரு குறிப்பிட்ட ஆள்மேல் போய் நிற்குமா? காருண்யம், இயற்கை நேசம் போன்றவை நல்ல சொற்கள்தாம், அளவுகோலாகப் பயன்படமாட்டா.

பேச்சுக்கு ஒரு சாலை வேண்டும். கோவையிலிருந்து சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர் வழியாகச் சாமராஜநகரைத் தொட்டுப் பெங்களூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 948-ஐ எடுத்துக்கொள்வோம். பழைய எண் 209. பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டினால் காடு. அதன் பிறகு 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறினால் ஆசனூர்ப் பக்கம் ஓரளவு சமமான, வண்டியை விரட்டத் தோன்றும் சாலை. இருபுறமும் 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் வனம். புலிகளின் எண்ணிக்கையை இரு மடங்குக்கு மேல் உயர்த்தியதற்காக 2022-இல் சர்வதேச விருது பெற்ற காப்பகம் அது. சாலைக்கு இருபுறமும் விலங்கு பெருகுகிறது, சாலையில் வண்டி பெருகுகிறது. இரண்டும் அவரவர் துறையின் சாதனைப் பட்டியலில் ஏறும்; சந்திக்கும் இடம் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, விபத்துக்குப் பின் ஓட்டுநர் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. வண்டியை நிறுத்தி, காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்து, காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல பிரிவு, கட்டளை தெளிவு, மீறினால் தண்டனை தெளிவு. ஆனால் அது விழித்தெழ இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: ஒரு நபர் காயம்பட்டிருக்க வேண்டும், அல்லது மூன்றாம் தரப்பின் சொத்து சேதப்பட்டிருக்க வேண்டும். ஆசனூர்ச் சாலையில் அடிபட்ட கடமான் நபருமல்ல, எவர் சொத்துமல்ல.

எவர் சொத்துமல்ல என்பதுகூட முழு உண்மையல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, இறந்துகிடக்கும் வனவிலங்கு அரசின் சொத்து. அப்படிப்பட்ட சொத்து ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ உரிய அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கிடைக்கும் பொருள் விசித்திரமானது. அடித்த மானைத் தூக்கி வண்டியில் போட்டவருக்குத் தெரிவிக்கும் கடமை உண்டு. அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவருக்கு அப்படி வெளிப்படையாக எழுதிய கடமை இரண்டிலும் இல்லை. தனித்தனியே ஒழுங்கான இரு சட்டங்கள் ஒன்றையொன்று படிக்காததன் விளைவு இது.

தண்டனை அளவிலும் இதே பிளவு. வனவிலங்குச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் வனவிலங்கைக் கொல்வதும் அடக்கம். அட்டவணை ஒன்றில் உள்ள விலங்கென்றால் 3 முதல் 7 ஆண்டுவரை சிறை. வேகமாக ஓட்டியதற்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய்வரை அபராதம், கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 வரை. சிறுத்தைமேல் காரை ஏற்றியவர் ஒரு சட்டத்தில் வேட்டைக்காரர், மற்றொன்றில் சில நூறு மீட்டர் அவசரப்பட்டவர். இரண்டுக்கும் நடுவில், கவனமின்றி ஓட்டி வனவிலங்கைக் கொன்றவர் என்ற தகுதிக்கு நம் சட்டமொழியில் தனிப்பெயர் கிடையாது. வேட்டை என்று வழக்குப் போட்டால் கொல்லும் எண்ணம் இல்லை என்ற வாதம் வரும். அந்த வாதத்தில் நியாயமும் இருக்கும்.

இந்த இடத்தில் மனுநீதிச் சோழன் கதை நினைவுக்கு வராத தமிழர் இருக்கமாட்டார். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சிலையாக நிற்கிறது அது. கன்று துள்ளி வந்து தேர்க்காலில் அகப்பட்டது, இளவரசனுக்குக் கொல்லும் நோக்கம் இல்லை, பரிகாரம் போதும் என்றார்கள் அமைச்சர்கள், மன்னன் கேட்கவில்லை. நீதியின் உச்சம் என்று ஆயிரம் மேடைகளில் கேட்டிருக்கிறோம். விபத்துச் சட்டத்தின் முன்மாதிரியாக எடைபோட்டால் அக்கதையின் நிறை ஒன்று, குறை ஒன்று. தேரும் தேரை ஓட்டியவனும் ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காணப்பட்டது நிறை. தேர் என்ன வேகத்தில் போனது, கன்று எவ்வளவு தொலைவில் கண்ணுக்குப் பட்டது என்ற கேள்வியை அமைச்சரும் கேட்கவில்லை, அரசனும் கேட்கவில்லை என்பது குறை. பரிகாரம் அல்லது மரணம், நடுவே எதுவுமில்லை. 3 ஆண்டுச் சிறைக்கும் 1,000 ரூபாய் அபராதத்துக்கும் நடுவே எதுவும் இல்லாத நம் நிலைமை, அந்த அளவில், மரபு வழுவாதது.

வெளியே பார்த்தால் ஒப்பீடு கிடைக்கிறது. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் எந்தெந்த விலங்கில் மோதினால் நிறுத்தித் தெரிவிக்க வேண்டும் என்று பட்டியலே தருகிறது: குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, பன்றி, ஆடு, நாய். மான் இல்லை, பூனையும் இல்லை. உடையவர் இருக்கும் உயிருக்கே கடமை. அது சொத்துச் சட்டம்தான். சுவீடன் நேர்மாறு. மூஸ் என்ற பெரிய மானினத்திலிருந்து கரடி, ஓநாய், காட்டுப்பன்றி, கழுகுவரை பட்டியல் உண்டு. அடித்தவர் அந்த இடத்தில் அடையாளம் வைத்துவிட்டுக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் 2010 முதல் அபராதம். காரணம் எளிது. அடிபட்ட மிருகம் அங்கேயே சாவதில்லை, காட்டுக்குள் ஓடி நாட்கணக்கில் சாகிறது. நாயோடு போய்த் தடம் பிடித்துக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற வேட்டைக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது இடம் மட்டும். ஓட்டுநரைப் பழிக்காமல் அவரிடமிருந்து ஒரு தகவலைக் கேட்டு வாங்கும் சட்டம் அது. மோதியதற்காகத் தண்டிப்பதில்லை, மறைத்ததற்காகத் தண்டிக்கிறது. குற்றம் எங்கே தொடங்குகிறது என்பதை இவ்வளவு சரியாகக் கண்டுபிடித்த வேறொரு விதியை இத்துறையில் நான் படித்ததில்லை. (காரையே அங்கே மூஸின் பெயரால்தான் சோதிப்பார்கள். 1997-இல் மெர்சிடீஸின் ஏ-கிளாஸ் அந்தத் திடீர்த் திருப்பச் சோதனையில் கவிழ்ந்து நிறுவனத்தின் மானத்தை வாங்கியது. நம் கார் விளம்பரங்களில் காடு வரும், ஓடை வரும், சேறு தெறிக்கும். குறுக்கே ஒரு முயல்கூட வராது.)

எச்சரிக்கைப் பலகைக்கு அதிகச் சொல் செலவிட வேண்டியதில்லை. ‘வனவிலங்குகள் கடக்கும் பகுதி, மெதுவாகச் செல்லவும்.’ மெதுவாக என்றால் எவ்வளவு? எங்கிருந்து எதுவரை? எந்நேரம்? ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் நின்று ஒரே சொல்லைச் சொல்லும் எதையும் தினம் போகும் கண் மூன்றாம் நாளே வாசிப்பதை நிறுத்திவிடும். முதல் அளவுகோலிலேயே தோற்கும் பிரதி.

மெதுவாக என்றால் எவ்வளவு என்பதற்கு உண்மையில் விடை உண்டு, அது பலகையில் இல்லாவிட்டாலும் கணக்கில் இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 33 மீட்டர் போய்விட்டது. பிறகு காய்ந்த தார்ச்சாலையில், நல்ல டயரில், வண்டி நிற்க இன்னும் 36 மீட்டர் வேண்டும். ஆக ஏறக்குறைய 70. எதிரே வண்டி வருகிறதென்று விளக்கை டிம் செய்துவிட்டால் பயன்படும் வெளிச்சம் 40, 50 மீட்டருக்கு மேல் போவதில்லை. அப்படியானால் 80-இல் போகிறவர் தான் காணாத 20 மீட்டர்மேல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். 60-இல் இந்தக் கணக்கு 45 மீட்டர். தப்பலாம், தப்பாமலும் போகலாம். 40-இல் 26 மீட்டர். மழையில் நனைந்த சாலைக்கும் கரும்பு லோடு ஏற்றிய லாரிக்கும் எல்லா எண்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். யானையின் கறுப்பு தாரின் கறுப்போடு சேர்ந்துவிடும் என்பதையும், புள்ளிமான் ஒன்று கடந்தால் பின்னால் கூட்டம் வரும் என்பதையும், வெளிச்சத்தில் மான் ஓடாமல் உறைந்து நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு இன்னும் கடுமையாகும்.

‘திடீர்னு குறுக்க வந்துருச்சுங்க’ என்பது இந்த விபத்துகளின் நிலையான வாக்குமூலம். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். 80-இல் போகிறவருக்கு எல்லாமே திடீரென்றுதான் வரும். திடீர் என்பது விலங்கின் குணமல்ல, வேகத்தின் குணம். எனவே ஓட்டுநர் பொறுப்புக்கு உணர்ச்சி கலக்காத ஒரு வரையறை சாத்தியம்: தன் விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் போகிறவர் பொறுப்பாளி; நிறுத்தக்கூடிய வேகத்தில் போயும் பக்கத்துப் புதரிலிருந்து பாய்ந்த விலங்கில் மோதியவர் பொறுப்பாளியல்லர். எல்லை மீட்டரில் இருக்கிறது.

அந்த எல்லைக்கு அப்பாலும் சாவு உண்டு, அதை ஓட்டுநர் தலையில் கட்டுவது நேர்மையல்ல. முதுமலையில் நெடுஞ்சாலையில் அடிபட்டுச் சாகும் உயிர்களை எண்ணி 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில் செத்தவற்றில் பெரும்பங்கு தவளை இனங்கள். ஆனைமலையில் ஊர்வனவற்றையும் தவளைகளையும் கணக்கெடுத்தவர்களும் இதே திசையைத்தான் காட்டினார்கள். முதல் மழை இரவில் தாரில் ஏறும் தவளைக்கூட்டத்தை 40-இல் போகிறவரும் தவிர்க்க முடியாது, 20-இல் போகிறவரும் முடியாது. சூடு தேடிச் சாலையில் படுக்கும் பாம்புக்கும் இதே கதி. செய்ய முடியாததைச் செய்யச் சொல்வது பொறுப்பாகாது. அங்கே கணக்குக் கேட்க வேண்டியது சாலை போட்டவரிடமும், அந்நேரம் அதைத் திறந்து வைத்தவரிடமும். நம் விவாதங்களில் இந்த இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. காட்டுயிர் ஆர்வலர் தவளைக்கும் ஓட்டுநரைத் திட்டுகிறார். லாரி உரிமையாளர் சிறுத்தைக்கும் சாலையைக் காட்டுகிறார்.

இனி இரவுத்தடை. இத்துறையில் நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய ஆவணங்கள் இதைச் சுற்றியவையே, ஆகவே நின்று பேச வேண்டும். 2009 ஜூனில் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் பந்திப்பூர் வனம் வழிச் செல்லும் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகளில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்தை நிறுத்தியது. அழுத்தம் வந்தது, சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய், 2010 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவே அடிப்படை. பாலம் வலுவிழந்தால், சாலை பழுதானால் வண்டிகளைத் தடுக்கப் பயன்படும் அதே சாதாரணப் பிரிவை ஒரு காட்டுக்காகப் பயன்படுத்தியது அந்த ஆணையின் புதுமை. தடையை எதிர்த்துக் கேரளம் உச்ச நீதிமன்றம் போனது. ஆம்புலன்ஸுக்கும் எண்ணிக்கை வரையறுத்த சில அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு. மற்றவர்களுக்குக் குட்டா வழியாக மாற்றுப்பாதை. 2019-இல் கேரளத்தின் வயநாட்டில் தடைக்கு எதிராகப் பெரும் போராட்டம் நடந்தது. தடை நிலைத்தது.

திம்பத்தின் வரலாறு இதைவிடப் பாடம் நிறைந்தது. 2019 ஜனவரியில் ஈரோடு மாவட்ட ஆட்சியர் ஆணை பிறப்பித்தார்: கனரக வண்டிகளுக்கு மாலை 6 முதல் காலை 6, இலகு வண்டிகளுக்கு இரவு 9 முதல் காலை 6 தடை. ஆணை அமலுக்கு வந்தது 2022 பிப்ரவரி 10-இல், சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு. இடையில் மூன்று ஆண்டுகள் அது காகிதத்தில் இருந்தது. எழுதியது அரசு, கிடப்பில் போட்டதும் அரசு, ஏன் கிடப்பில் கிடக்கிறது என்று கேட்டது ஒரு பொதுநல வழக்கு. இந்தச் சாலையை நம்பியிருக்கும் தாளவாடி மலைக்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது: கோஸும் தக்காளியும் விடியற்காலைச் சந்தைக்கு இறங்க வேண்டும், இராத்திரி பிரசவ வலி எடுத்தவளுக்குச் சோதனைச்சாவடியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நீதிமன்றம் பிறகு உள்ளூர் மக்களுக்குத் தளர்வு தந்தது. ஊரோடு சாலையைப் பகிர்ந்துகொள்பவரையும் குறுக்குவழியாகக் காட்டைக் கடப்பவரையும் வேறுபடுத்தியது அந்தத் திருத்தத்தின் சிறப்பு. முதல் ஆணையில் அந்த நுட்பம் இல்லை.

தடையின் நிறையைக் குறைத்துச் சொல்ல முடியாது. வண்டி இல்லாத நேரத்தில் மோதல் இல்லை. தவளைக்கும் யானைக்கும் ஒரே பாதுகாப்பு. சாவு எண்ணிக்கையில் வராத நன்மையும் உண்டு. கர்நாடகத்தின் நாகரஹொளெ வனத்தில் போக்குவரத்து குறைந்த பகுதியையும் மிகுந்த பகுதியையும் ஒப்பிட்டு 2012-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, வண்டி மிகுந்த இடத்தில் சாலையோரத்தைப் பெரிய விலங்குகள் குறைவாகவே பயன்படுத்துகின்றன என்று காட்டியது. சாலை கொல்லாதபோதும் காட்டை இரண்டாக வெட்டுகிறது. தடை அந்த வெட்டை இரவில் மட்டுமாவது ஒட்டவைக்கிறது. ஒருமையான, முரணற்ற நடவடிக்கை.

குறை அதன் விளிம்புகளில் இருக்கிறது. சாவடி 9 மணிக்கு மூடும் என்றால், 8.30-க்குப் பண்ணாரி வந்து சேர்கிறவர் என்ன செய்வார்? ‘கேட் போடறதுக்குள்ள ஏறிரணும்.’ காலை 6 மணிக்குத் திறக்கும்போது இரவெல்லாம் காத்துக் கிடந்த வரிசை ஒரே நேரத்தில் காட்டுக்குள் பாய்கிறது. அந்தியும் விடியலும் விலங்கு அதிகம் நடமாடும் பொழுதுகள். ஆகத் தடை தன் இரண்டு முனைகளிலும், மிக மோசமான வேளைகளில், மிக அவசரமான ஓட்டுநரை உற்பத்தி செய்கிறது. உள்ளே நுழைந்துவிட்ட வண்டி எப்படிப் போகிறது என்று அது கேட்பதே இல்லை. 8.55-க்கு நுழைந்தவர் சட்டப்படி முழுச் சுத்தம். தடை ஓட்டுநரை விலக்குகிறது, திருத்துவதில்லை. பகலில் அவர் பழைய ஆள்தான்.

அந்தப் பகலின் சிறு உதாரணம், இதே சாலையில் கர்நாடக எல்லையருகே உள்ள காரப்பள்ளம். தாளவாடிப் பக்கமிருந்து கரும்பு ஏற்றி வரும் லாரிகள் அளவுக்கு மீறி அடுக்கிய கரும்பைச் சோதனைச்சாவடியருகே கழித்துப் போடுவதும், தின்ன யானை வருவதும், நாளடைவில் அது குட்டியோடு சாலையில் நின்று லாரியை மறிப்பதும் பலமுறை படமாக வந்துவிட்டது. மக்கள் சிரித்துக்கொண்டே பகிர்கிறார்கள். ‘சுங்கம் வசூலிக்கும் யானை’ என்று தலைப்பும் போட்டாகிவிட்டது. சாலையில் தின்னக் கற்ற யானைக்குட்டி நாளை எந்த வண்டிக்கு முன்னால் நிற்கும் என்பதில் இன்று கரும்பை உதறிய ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் பங்கு இருக்கிறது. குரங்குக்கு பிஸ்கட் வீசும் சுற்றுலாக் குடும்பத்துக்கும் இருக்கிறது. மோதும் நொடியில் மட்டும் பொறுப்பைத் தேடுகிற எந்த ஆணையும் இதைப் பிடிக்காது.

கட்டுமானத்தை எடுத்துக்கொண்டால் பெஞ்ச் நமக்கு இருக்கும் மிகச் சிறந்த சான்று. தேசிய நெடுஞ்சாலை 44 மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் வனத்தில் நான்குவழியாக விரிந்தபோது, வழக்குகளின் அழுத்தத்தாலும் இந்திய வன உயிரின நிறுவனத்தின் ஆலோசனையாலும் ஒன்பது கடவுப்பாதைகள் கட்டப்பட்டன. 50 மீட்டரிலிருந்து 750 மீட்டர்வரை அகலம். 2019-இல் தானியங்கிக் கேமரா வைத்துப் பார்த்தபோது 18 வகை விலங்குகள் அடியில் நடந்தன. 11 புலிகள் 89 முறை கடந்தன. கட்டிவிட்டுப் போகாமல் கட்டியது பயன்படுகிறதா என்று எண்ணிப் பார்த்ததுதான் அதன் பெருமை. நம் பொதுப்பணி வரலாற்றில் அது அரிது. ஆனால் அங்கே சாலை அகலமானதால்தான் பாலம் வந்தது. மேலே வண்டி எந்த வேகத்திலும் போகலாம், கீழே புலி போகும்: ஓட்டுநரிடம் எதுவுமே கேட்காததன் விலை அந்தக் கான்கிரீட். திம்பம் மலைப்பாதையில் அதை நகலெடுக்க முடியாது. 2018-இல் பந்திப்பூருக்குள் உயர்நிலைச் சாலைத் துண்டுகளும் நடுவே வேலியும் போட்டு இரவுத்தடையை எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பெஞ்சில் புதிய அகலத்துக்கு ஈடாக வந்த பாலம், இங்கே இருக்கும் பாதுகாப்பை நீக்குவதற்கு விலையாகப் பேசப்பட்டது. ஒரே வடிவம், எதிரெதிர் நோக்கம். அந்த யோசனை நிறைவேறாததில் எனக்கு வருத்தமில்லை.

மிச்சமிருப்பது அசாமின் காசிரங்கா வனத்தில் தரப்படும் ஒரு துண்டுச் சீட்டு. பிரம்மபுத்திராவில் வெள்ளம் ஏறும்போது காசிரங்காவின் விலங்குகள் தேசிய நெடுஞ்சாலையைக் கடந்து தெற்கே கார்பி ஆங்லாங் மேடுகளுக்குப் போகும். அந்த நாட்களில் வனப்பகுதியின் ஒரு முனையில் வண்டிக்கு நேரச்சீட்டு கொடுக்கிறார்கள். நுழைந்த நேரம் அதில் இருக்கும். மறுமுனையில் வாங்கிப் பார்ப்பார்கள்; மணிக்கு 40 கிலோமீட்டர் என்ற வரம்பை மீறித்தான் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க முடியும் என்றால் அபராதம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ராடார் வேண்டாம், கேமரா வேண்டாம்.

மூன்று அளவுகோலிலும் வைத்துப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று எண்ணால் சொல்கிறது. செய்தாரா என்று கடிகாரத்தால் சரிபார்க்கிறது. பொறுப்பு சீட்டை வைத்திருக்கும் ஆளிடமே நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நேரத்தில் எந்த வண்டி அந்தச் சாலைக்குள் இருந்தது என்ற கணக்கு அந்த முனையில் தங்கிவிடுகிறது. சிறுத்தை அடிபட்டுக் கிடந்தால் ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று எழுதுவது கடினமாகிவிடும்; சில டஜன் வண்டிகளுக்குள் ஒன்று என்றாகிவிடும்.

குறையும் சொல்லியாக வேண்டும். சீட்டு சராசரியைத்தான் அளக்கிறது. பாதி தூரத்தை 80-இல் விரட்டிவிட்டு மறுமுனைச் சாவடிக்கு முன் ஒரு டீ குடித்து நேரத்தைக் கரைத்துவிட்டுப் போகலாம், போகிறவர்களும் இருப்பார்கள். வெள்ளக்காலத்து ஏற்பாடு அது, ஆண்டு முழுக்க ஓடும் முறையாக வேரூன்றவில்லை. சீட்டு எழுத ஆள் வேண்டும். சரியான வேகத்தில் போனவரையும் அது காப்பாற்றிவிடாது. 2022 அக்டோபரில் காசிரங்காவின் ஹல்திபாரியில் காண்டாமிருகம் ஒன்று ஓரத்திலிருந்து சாலைக்குப் பாய்ந்து ஓடும் லாரியில் அடிபட்டு விழுந்து எழுந்து காட்டுக்குள் ஓடும் காட்சியை அசாம் முதலமைச்சரே வெளியிட்டார். லாரிக்கு அபராதம் விதித்ததாகவும், 32 கிலோமீட்டருக்கு உயர்நிலைச் சாலை அமைக்கும் திட்டம் இருப்பதாகவும் சேர்த்தே சொன்னார். அந்தச் சில நொடிப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் லாரி மோதியதா, மிருகம் மோதியதா என்று ஐயம் வரும். அங்கே அபராதம் வேகத்துக்கு என்றால் ஏற்கலாம், மோதலுக்கு என்றால் ஏற்க முடியாது. இவ்வேறுபாட்டைக் காப்பாற்றாத எந்த முறையும் நாளடைவில் ஓட்டுநர்களின் ஒத்துழைப்பை இழக்கும்.

இத்தனையும் நான்கு சக்கரத்தை மனத்தில் வைத்துச் சொன்னது. கிராமச்சாலையில் காட்டுப்பன்றிமேலோ மயில்மேலோ மோதி விழும் மோட்டார் சைக்கிள்காரருக்குப் பொறுப்பும் பலியும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிடுகின்றன. அவருக்கு அபராதத்தை விடத் தலைக்கவசமும் அந்தத் தூரக்கணக்கும்தான் தேவை. மாறாக, முன்னால் இரும்புத் தடுப்பு மாட்டிக்கொண்டு வருகிற ஜீப்பு முன்கூட்டியே முடிவெடுத்துவிட்ட வண்டி: மோதினால் நஷ்டம் எதிரில் இருப்பதற்கே. 2017 டிசம்பரில் அந்தத் தடுப்புக் கம்பிகளை மத்திய அரசு தடைசெய்தது. தடை எவ்வளவு அமலானது என்று பண்ணாரிச் சாவடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே என் தீர்ப்பு. இரவுத்தடை நம்மிடம் உள்ளவற்றில் பயன் மிகுந்தது, எடுக்கக் கூடாது. முறை என்ற அளவில் அது பாதிதான்: ஓட்டுநர் இல்லாத நேரத்தை ஒழுங்குசெய்துவிட்டு ஓட்டுநர் இருக்கும் நேரத்தைக் கைவிடுகிறது. கட்டுமானம் தவளைக்கும், சாலை அகலமாகியே தீரும் இடத்துக்கும் தவிர்க்க முடியாதது; இருக்கும் தடையை நீக்கும் விலையாக அதை ஏற்கக் கூடாது. பலகை வீண். சட்டம் சுவீடனிடமிருந்து ஒரு வாக்கியத்தை, ‘மோதியவர் தெரிவிக்க வேண்டும்’ என்பதை மட்டும், கடன் வாங்கினால் போதும். ‘வேட்டை’யை இழுத்து நீட்ட வேண்டியதில்லை. முறைமையில் எல்லாவற்றையும்விட முழுமையானது காசிரங்காவின் சீட்டுதான், அது இவற்றில் எல்லாம் மலிவானது என்பதால் யாரும் அதை மதிப்பதில்லை என்றாலும்.

பண்ணாரியில் சாவடி இருக்கிறது, காரப்பள்ளத்தில் சாவடி இருக்கிறது. இரண்டிலும் ஆள் இருக்கிறார், பேரேடு இருக்கிறது. சீட்டில் எழுத வேண்டியவை இரண்டே: வண்டி எண், நுழைந்த நேரம்.